தொலைவும் காலமும்

இரண்டு நகரங்களுக்கு இடையேயுள்ள தொலைவு மாறுவதில்லை. அதனைக் கடக்கும் காலமோ மாறிக்கொண்டே வருகின்றது. இதனை இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட வான்வழிப் பயணம் நன்கு விளக்கும்.

நிலவுலகின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஆதலின், எந்த இரண்டு ஊர்களும் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருத்தல் இயலாது. இலண்டனுக்கும் சிட்னிக்கும் இடையேயுள்ள தொலைவு ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் ஆகும். நீராவிக் கப்பலில் சென்றோர் இதனைக் கடக்க ஒரு திங்களுக்கு மேல் ஆயிற்று.

முதல் உலகப் போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசு ஒரு போட்டியை அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து முப்பது நாட்களுக்குள் தாய்நாட்டிற்குப் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்குப் பரிசு 10,000 பவுன். அம்முயற்சியில் நால்வர் உயிர் துறந்தனர். எனினும், ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தார் இருவரும், பென்னெட், ஷியர்ஸ் என்னும் பொறிவினைஞர் இருவரும் நவம்பர் 12ஆம் நாள் இலண்டனை அடுத்த ஹௌன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டனர். அவர்களுடைய வானூர்தியில் இருக்கைகளுக்கு மேல் கூரை இல்லை. குளிரும் மழையும் முகத்தில் அறைய அவர்கள் பறந்தனர்.

வழியில் அவர்களுக்கு நேர்ந்த பெரும் இடர் வானில் அன்று, நிலத்தில் நேர்ந்தது. சாவகத் தீவின் சுரபாயா நகரில் இறங்கியபொழுது வானூர்தியின் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. குறித்த கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்வூர் மக்கள் தம் வீடுகளிலிருந்த மூங்கிற் பாய்களைச் சுமந்து வந்து, வரிசையாக விரித்து ஓடுபாதை அமைத்தனர். அப்பாய்களின்மீது ஓடி வானூர்தி மேலெழுந்தது. டிசம்பர் 10ஆம் நாள் அது டார்வின் நகரை அடைந்தது. கெடு முடிய இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன.

அவர்கள் சென்ற வழி ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர். வானில் பறந்த நேரம் ஏறத்தாழ 136 மணி. அஃதாவது ஆறு நாட்களுக்கும் குறைவு. எஞ்சிய நாட்களெல்லாம் எரிபொருள் நிரப்பவும், பொறிகளைச் செப்பனிடவும், மழை ஓயக் காத்திருக்கவும் கழிந்தன.

1947ஆம் ஆண்டில் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னிக்கும் இலண்டனுக்கும் இடையே பயணிகள் போக்குவரத்தைத் தொடங்கியது. இடையே பல ஊர்களில் இறங்கிச் சென்ற அப்பயணத்திற்கு நான்கு நாட்கள் ஆயின. 2018ஆம் ஆண்டில் பெர்த் நகரிலிருந்து இலண்டனுக்கு எங்கும் இறங்காது செல்லும் பயணம் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழ 17 மணி ஆயிற்று. முதற்பயணம் நிகழ்ந்து நூறு ஆண்டுகள் நிறைந்த 2019 நவம்பரில், சிலரை மட்டும் ஏற்றிய வானூர்தி ஒன்று, ஆய்வின் பொருட்டு இலண்டனிலிருந்து சிட்னிக்கு இடைநில்லாது பறந்தது. 17,800 கிலோமீட்டரை அது 19 மணி 19 நிமிடத்தில் கடந்தது.

இவ்விரு பயணங்களையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். நூறு ஆண்டுகளில் வானூர்தியின் வேகம் ஏறத்தாழ ஏழு மடங்கே பெருகியது. பயண காலமோ முப்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. வேகம் மட்டுமே இதற்குக் காரணம் அன்று. நிறைந்த எரிபொருளைச் சுமக்கும் ஆற்றலும், பழுதுறாது இயங்கும் பொறிகளும் இடையில் இறங்கும் தேவையை நீக்கின. உறுதியான ஓடுபாதைகளும், வானிலையை முன்னறிந்து கூறும் நிலையங்களும் வழியை எளிதாக்கின.

இன்று வானூர்திக்கு மூங்கிற் பாய் வேண்டுவதில்லை. ஆயினும், நிலத்தில் நின்று பணிபுரிவோரின் துணையின்றி எந்த வானூர்தியும் மேலெழுவதில்லை. சுரபாயா மக்கள் அன்று செய்த உதவியையே, அவர்கள் இன்று நாள்தோறும் செய்து வருகின்றனர்.