பெரும்பாடும் கருப்பைக் கட்டியும்

‘பெரும்பாடு’ என்னும் சொல் நம் கிராமத்து மூதாட்டியர் யாவரும் அறிந்ததே. மாதவிடாய்க் காலத்தில் அளவுக்கு மீறி உதிரம் போவதை நம் முன்னோர் அப்பெயரிட்டு அழைத்தனர். அன்று பருத்திக் காட்டில் களை எடுத்த பெண்கள் அத்துன்பத்தை வெளியே சொல்லாது தாங்கினர். இன்று திருப்பூர், அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி வட்டாரங்களிலிருந்து காலையில் பனியன் கம்பெனி வண்டியேறிச் செல்லும் அவர்களுடைய பெண்மக்களும் பேத்திகளும் அவ்வாறே தாங்குகின்றனர். பெரும்பாட்டுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் அடிக்கடி காணப்படுவது, மருத்துவர்கள் ‘பைப்ராய்டு’ எனக் கூறும் கருப்பைத் தசைக்கட்டியாகும். இது பெண்கள் மட்டும் படிக்க வேண்டிய பொருள் என்று எண்ணி, ஆண் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சிகிச்சைக்குப் போவதா, எப்போது போவதா என்பதைப் பல வீடுகளில் அவர்களே தீர்மானிக்கின்றனர்.

கருப்பை தசையால் ஆனது. அத்தசையின் ஓர் உயிரணு தன்போக்கில் பெருகிக் கட்டியாகத் திரள்கிறது. அறுத்துப் பார்த்தால் நூலைச் சுற்றி வைத்த உருண்டைபோல் சுழிசுழியாகத் தோன்றும். பயற்றளவிலும் இருக்கலாம், தேங்காயளவிலும் இருக்கலாம். ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். பெண்மைக்குரிய ஹார்மோன்களே இதற்கு உரம். ஆதலால் முப்பது முதல் ஐம்பது வயது வரை வளர்ந்து, மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. ஐம்பது வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இக்கட்டி உண்டாகிறது. அவர்களுள் பலர் அதை அறியாமலேயே வாழ்ந்துவிடுகின்றனர்.

தொல்லை தருவது கட்டியின் அளவைக் காட்டிலும் அது அமைந்த இடமே. கருப்பையின் உட்புறம் துருத்திய சிறு கட்டி பெரும் உதிரப்போக்கை உண்டாக்கும். வெளிப்புறம் வளர்ந்த பெரிய கட்டியோ உதிரத்தைக் கூட்டாமல், சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் அழுத்தும். அடிக்கடி சிறுநீர் வரும். மலச்சிக்கலும் இடுப்பு வலியும் தோன்றும். ஒன்றரை ஷிப்டு முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, பீஸ் கணக்கில் கூலி பெறும் பெண், எழுந்து போனால் கூலி குறையுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். அதனால் சிறுநீர்த் தொற்றும் வந்து சேர்கிறது. சிலருக்குக் கரு தங்குவதிலும், கர்ப்பக் காலத்திலும் இக்கட்டியால் இடையூறு நேர்வதுண்டு.

உதிரப்போக்கின் விளைவை வரவு செலவுக் கணக்காகப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. சாதாரண மாதவிடாயில் 30 முதல் 40 மில்லிலிட்டர் வரை உதிரம் போகும். அதாவது 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு. இது 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் பெரும்பாடு எனலாம். 200 மில்லிலிட்டர் போகும் பெண் மாதந்தோறும் 100 மில்லிகிராம் இரும்பை இழக்கிறாள். நாம் உண்ணும் உணவிலிருந்து உடல் ஏற்பதோ நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராமே. அதிலும் ஒரு பங்கு அன்றாட இழப்புக்கே போய்விடும். பின் கணக்கு எவ்வாறு நேராகும்? கிணற்று நீர் குறைவது தெரியுமுன்னே நிலத்தடி நீர் வற்றுவதுபோல, முதலில் உடலின் சேமிப்பு கரைகிறது. பிறகே இரத்தத்தில் ஹீமோகுளோபின் இறங்குகிறது. படியேறினால் மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்றல், வெளிறிய கண்ணிமை ஆகியவை அப்போதுதான் தெரியும். முருங்கைக்கீரை நல்லதே, ஆயினும் இவ்வளவு இழப்பைக் கீரையால் மட்டும் ஈடுசெய்ய இயலாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

வலியை மறைத்து வேலை வாங்கும் வழக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019-ஆம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் ஈடுபட்ட சுமார் நூறு பெண்களிடம் விசாரித்தனர். மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே தரப்பட்டன என்று அவர்கள் கூறினர். அவை இபுப்ரோஃபென் போன்ற வலி நிவாரணிகள் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். அம்மாத்திரை கட்டியை உண்டாக்கும் என்று நாம் கூற வரவில்லை. மருத்துவர் சொற்படி உண்டால் அது பயனுள்ள மருந்தே. பெயரும் அளவும் அறியாது மாதாமாதம் விழுங்கினால் வயிற்றுப்புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். அதனினும் கேடு, உள்ளேயிருக்கும் நோய் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடப்பதாகும்.

ஏழு நாளுக்கு மேல் உதிரம் போனாலும், கட்டிகட்டியாக விழுந்தாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் சொல்லலாம். இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் பெரும்பாலும் போதுமானவை. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குக் கருப்பையின் உட்சவ்வைச் சிறிது எடுத்துச் சோதிக்கவும் கூறுவர். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இனிப் பரிகாரம். தொல்லை தராத கட்டிக்குச் சிகிச்சையே தேவையில்லை. அவ்வப்போது ஸ்கேன் பார்த்துக் கண்காணித்தால் போதும். இரத்தசோகை இருப்பின் இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றுடன் உண்ணலாம், தேநீருடன் உண்ணலாகாது. மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஊசி வழியே இரும்பு ஏற்றுவர். உதிரம் போகும் நாட்களில் மட்டும் உண்ணும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை போக்கைக் குறைக்கும்; முன்பு இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். காப்பர்-டி போன்ற வடிவில் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் பல ஆண்டுகள் பயன் தரும். உட்புறம் கட்டி துருத்தியிருந்தால் அது நிலைக்காது. கட்டியைச் சுருக்கும் ஊசிகளும் உண்டு. அவை சில மாதங்களுக்கே, பெரும்பாலும் அறுவைக்கு முன் போடப்படுகின்றன. கட்டியைக் கரைத்துவிடும் என்று விற்கப்படும் லேகியத்தை நம்பி ஓராண்டைக் கழிப்பது, அவ்வோராண்டு இரத்தத்தையும் இழப்பதாகும்.

குழந்தை வேண்டுவோர்க்குக் கருப்பையை விடுத்துக் கட்டியை மட்டும் அகற்றும் அறுவை உண்டு. உட்புறக் கட்டியாயின் வயிற்றைக் கிழிக்காமல், கருப்பை வாய் வழியே குழாய் செலுத்தியே எடுத்துவிடலாம். பின்னாளில் புதிய கட்டிகள் தோன்றக்கூடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இரத்தக் குழாய் வழியே நுண்துகள்களைச் செலுத்திக் கட்டிக்குப் போகும் இரத்தத்தை அடைக்கும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 1995-இல் வெளியிட்டனர். இது பெரிய மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது; இனியும் குழந்தை வேண்டுவோர்க்குப் பொதுவாக இதைச் சிபாரிசு செய்வதில்லை.

கருப்பையையே அகற்றினால் கட்டி திரும்ப வராது; பலருக்கு அதுவே தக்க தீர்வுமாகும். எனினும் “பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு?” என்று அவசரப்படுவதை நாம் ஏற்பதற்கில்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள் பலர் இளவயதிலேயே கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-இல் வெளிவந்து, மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையற்று நடந்த இத்தகைய அறுவைகள் பற்றிய வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆகவே மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: வேறு வழி உண்டா? காத்திருந்தால் என்ன ஆகும்? சினைப்பைகளையும் எடுப்பீர்களா? இளவயதில் சினைப்பைகளையும் இழந்தால் எலும்பும் இதயமும் பலவீனமுறும். ஐயம் இருப்பின் இன்னொரு மருத்துவரிடமும் கேட்பது குற்றமன்று.

செலவைக் கருதித் தள்ளிப்போடுவோர் பலர். திருப்பூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. தாராபுரம், உடுமலைப்பேட்டை, பல்லடம், காங்கேயம் ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இச்சிகிச்சைக்குச் செல்லுமா என்பதை முன்கூட்டியே மருத்துவமனையில் விசாரித்தல் நலம். இ.எஸ்.ஐ. உரிமைக்கான ஊதிய வரம்பு 2017-இல் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சந்தா முறையாகக் கட்டப்பட்ட தொழிலாளிக்குச் சிகிச்சையுடன், நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடும் கிடைக்கும். அறுவைக்குப் பின் ஆறு வாரம் பாரம் தூக்கலாகாது என்பதால் இத்தொகை பேருதவியாகும். காண்டிராக்டர் வழியே பவர் டேபிளில் வேலை செய்வோர் பலருக்குத் தம் பெயர் பதிவாகியுள்ளதா என்பதே தெரியாது. சம்பளச் சீட்டில் பிடித்தமும் காப்பீட்டு எண்ணும் உள்ளனவா என்று பார்க்கும்படி ஊராட்சிப் பணியில் உள்ளோர் எடுத்துச் சொல்லலாம். கிராம சபை நாளில் செவிலியரை அழைத்துப் பெண்களுக்கெனத் தனியே அரை மணி நேரம் ஒதுக்கினால், பொதுவில் பேசக் கூசுவோரும் பேசுவர்.

மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் சிறிதளவு உதிரம் கண்டாலும் அதைக் கட்டி என்று விட்டுவிடலாகாது. புற்றுநோய்ச் சோதனை உடனே தேவை. உதிரம் நில்லாமல் போய் மயக்கம் வருமாயின் விடியும்வரை காத்திராமல் 108 வண்டியை அழைக்க வேண்டும்.