நாற்பதைக் கடந்த ஆண்களும் சிறுநீர்த் தொல்லையும்

உடம்பையே இறைவன் உறையும் ஆலயமாகக் கண்டவர் திருமூலர். ஆலயத் திருப்பணிக்கு வாரி வழங்கும் அன்பர்கள் தங்கள் உடலைப் பேணுவதிலும் காலம் தாழ்த்தலாகாது. ஜொகூரில் மருத்துவராகப் பணிபுரியும் நான், நம்மவர் பேசக் கூசும் ஒன்றைப் பற்றி எழுத விழைகிறேன்.

இரவில் பல முறை எழுந்து சிறுநீர் கழிப்பது, நீர் மெலிந்து விட்டு விட்டு வருவது, கழித்த பின்பும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது ஆகியவற்றை "வயதாகிவிட்டது" என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இவற்றுக்குக் காரணங்கள் பல.

முதலாவது, புரோஸ்டேட் சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த இது, இளமையில் சுமார் 20 கிராம் எடையுள்ளது. நாற்பதுக்கு மேல் பலருக்கும் மெல்லப் பருத்துக் குழாயை நெருக்குகிறது. இந்தப் பருமன் புற்றுநோய் அன்று.

இரண்டாவது, மலேசிய இந்தியரிடையே மிகுந்து காணப்படும் நீரிழிவு. ஒவ்வொரு முறையும் நிறையச் சிறுநீர் போய், தாகமும் இருந்தால் நீரிழிவை ஐயுற வேண்டும். முக்கி முக்கிச் சிறிது சிறிதாகப் போனால் புரோஸ்டேட்டை ஐயுறலாம். கிருமித் தொற்று, இரவில் குடிக்கும் தேநீர், காப்பி, சில சளி மருந்துகள் ஆகியவையும் தொல்லை தரும்.

மருத்துவரிடம் போகுமுன், எப்போது எவ்வளவு குடித்தீர்கள், கழித்தீர்கள் என்று மூன்று நாட்களுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். உட்கொள்ளும் மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ புரோஸ்டேட் புற்றுநோய் இருந்திருந்தால் மறவாமல் சொல்லுங்கள். நாங்கள் ஏழு கேள்விகள் கேட்டு 35-க்கு மதிப்பெண் இடுவோம். 7 வரை லேசு. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20-ம் அதற்கு மேலும் கடுமை. பிறகு சிறுநீர், இரத்தச் சர்க்கரை, சிறுநீரகச் சோதனைகள் செய்யப்படும். ஆசனவாய் வழியே விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பது சிறிது நேரத்தில் முடிந்துவிடும், வெட்கம் வேண்டாம். பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனையில் அளவு கூடினால் உடனே புற்றுநோய் என்று அஞ்சவும் வேண்டாம். சுரப்பி பருத்தாலும், தொற்று கண்டாலும் அது கூடும்.

பெரும்பாலோருக்குப் பழக்க மாற்றமோ மாத்திரையோ போதும்; சிலருக்கே அறுவை சிகிச்சை. ஆனால் கவனியாமல் விட்டால், தேங்கும் நீர் வலியே இன்றிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும். சிறுநீரில் இரத்தம், காய்ச்சலுடன் எரிச்சல், அறவே போகாமல் அடைபடுதல் ஆகியவை கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் மலேசியர்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்க உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவச உடற்பரிசோதனையும் உண்டு.

தாய்மார்களே! கணவர் இரவில் எழுந்து நடப்பதை முதலில் அறிபவர் நீங்களே. அன்புடன் எடுத்துச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். அன்னையின் அருளால் அனைவரும் நோயற்ற வாழ்வு பெறுவோமாக!