ஜார்ஜ்டவுன் சுவருக்கு ஒரு கம்பிச் சிற்பம்: செய்வது எப்படி?

மலேசியாவின் ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதைத் தொடர்ந்து பினாங்கு மாநில அரசு நடத்திய போட்டியில் வென்ற 'ஸ்கல்ப்சர் அட் வொர்க்' குழு, தெருக்களின் கதைகளை எஃகுக் கம்பியில் கேலிச்சித்திரங்களாக வளைத்துச் சுவர்களில் மாட்டியது. மொத்தம் 52 சிற்பங்கள். காலணிக் கலைஞர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்தைக்கூட ஒரு சிற்பம் காட்டுகிறது. கணினி வரைபடமும் நல்லதொரு பட்டறையும் இருந்தால், அந்நகரின் லிட்டில் இந்தியா வட்டாரக் கதைகளையும் நாம் இப்படிச் சொல்லலாம். சொல்லவும் வேண்டும்.

1. கதை: அந்தத் தெருவுக்கு மட்டுமே உரிய கதையாக இருக்கட்டும். லெபோ பசார் தெருவில் மசாலா அரைத்தவரா, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரா? அங்கேயே வாழ்ந்த பெரியவர்களிடம் கேட்டு, ஒரே காட்சியாகச் சுருக்குங்கள்.

2. அனுமதி: வீட்டுக்காரரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். பாரம்பரிய வட்டாரம் என்பதால், செலவில் இறங்குமுன் மாநகர் மன்றத்தையும் அணுகுங்கள்.

3. வரைபடம்: கைச்சித்திரத்தைக் கணினியில் கோட்டு வரைபடமாக்கி, மில்லிமீட்டர் அளவில் சேமியுங்கள். பிறகு உண்மை அளவில் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். அங்கிருந்து முகம் புரியாவிட்டால் கோடுகளைக் குறையுங்கள்.

4. வெட்டும் வளைவும்: தகடு என்றால் லேசர் வெட்டு. எழுத்துகளில் கவனம் தேவை: 'ண', 'ன' போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு வெட்டியதும் உதிர்ந்துவிடும். அதைப் பிடித்துநிறுத்த மெல்லிய இணைப்பு விடுங்கள். கம்பி என்றால், கணினி வழி வளைக்கும் எந்திரம் இல்லாத பட்டறையிலும் அச்சிட்ட தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் வைத்தே வளைக்கலாம்.

5. துருக்காப்பு: பினாங்கின் உப்புக்காற்று வெறும் இரும்பை விட்டுவைக்காது. வெல்டிங், துளையிடல் எல்லாம் முடிந்தபின், சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள். குழாய் பயன்படுத்தினால் காற்றும் துத்தநாகமும் போய்வர முன்பே துளை வேண்டும். அடைபட்ட குழாய் தொட்டிக்குள் வெடிக்கலாம். முலாம் பூசியபின் வெல்டிங் செய்யாதீர்கள்: காப்பும் போகும், நச்சுப்புகையும் எழும். செலவு தாங்குமென்றால் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு இன்னும் நல்லது.

6. பொருத்துதல்: பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்டவை. செங்கல்லைத் துளைக்காமல் இடைச்சாந்தில் துளையிடுங்கள். சிமெண்ட் கொண்டு அடைக்காதீர்கள். ஈரம் உள்ளே சிக்கி, உப்பு பூத்துப் பூச்சு உதிரும். சிற்பத்துக்கும் சுவருக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் மழைநீர் வடியும், வெயிலில் நிழலும் விழும். துத்தநாகப் பூச்சும் துருப்பிடிக்காத ஆணியும் தொடும் இடங்களில் நைலான் வளையம் போடுங்கள். இல்லையேல் பூச்சு அரித்துப்போகும்.

7. பராமரிப்பு: ஆண்டுதோறும் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, ஆணிகளை அசைத்துப் பாருங்கள். வரைபடக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். உடைந்த பகுதியை மட்டும் அதே அளவில் மறுபடி செய்யலாம். இந்த வேலைக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்புதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பொறுப்பாளர் இல்லாத சிற்பத்தைச் சுவரில் ஏற்றக் கூடாது.