ஆட்டுப் பரணுக்கு எண்ணெய்ப் பூச்சு

வெள்ளாடு வளர்க்கும் சிறு விவசாயிகள் பலர் கொட்டிலில் மரப் பரண் அமைத்துக்கொள்கிறார்கள். தரையிலிருந்து 3 முதல் 4 அடி உயரத்தில், அரை அங்குல இடைவெளி விட்டு மரச் சட்டங்களை வரிசையாக அடித்தால், புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும். ஆடு ஈரத்தில் படுக்காது. குளம்பு அழுகலும் குடற்புழுத் தொல்லையும் குறையும். எருவும் வீணாகாமல் ஓரிடத்தில் சேரும்.

பரண் அமைக்கும் செலவில் பெரும்பங்கு மரத்துக்கே போகிறது. அந்த மரத்தின் மேல்தான் மழைச் சாரலும் வெயிலும் ஆட்டின் சிறுநீரும் மாறி மாறிப் படுகின்றன. பாதுகாப்பு இல்லாத வெளிற்று மரமாக இருந்தால் இரண்டு மூன்று மழைக்காலத்திலேயே சட்டங்கள் உள்ளுக்குள் மக்கத் தொடங்கும். மேலே பார்த்தால் தெரியாது. ஒரு நாள் சட்டம் முறிந்து ஆட்டின் கால் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். கால் ஒடிந்த சினை ஆட்டை வைத்துக் காப்பாற்றுவது எளிதல்ல. வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாகிறது. மரத்துக்கு எண்ணெய் பூசுவதை அழகுக்கான வேலை என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

மரம் மக்குவது எப்படி?

மரத்தை மக்க வைப்பது பூஞ்சாணம். அதற்குக் காற்றும் ஈரமும் சேர்ந்து வேண்டும். மரத்திலுள்ள ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை பூஞ்சாணம் வளர முடியாது. வேலிக்கால் எப்போதும் மண்மட்டத்தில்தான் இற்றுப்போகும், உச்சியில் அல்ல என்பதை எல்லா விவசாயிகளும் பார்த்திருப்பார்கள். ஈரமும் காற்றும் சேரும் இடம் அதுதான். பரணில் அத்தகைய இடம், சட்டம் அடியிலுள்ள உத்தரத்தின் மேல் உட்காரும் பகுதி. அங்கே தேங்கும் நீர் எளிதில் காய்வதில்லை. அடுத்தது சட்டத்தின் வெட்டுமுனை. மரத்தின் நாளங்கள் எல்லாம் அங்கே வாய் திறந்திருப்பதால், பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக அது நீரைக் குடிக்கும்.

ஆகவே பரணை அடித்து முடித்த பிறகு மேலே மட்டும் எண்ணெய் தடவினால் மக்கும் இடம் இரண்டும் பூச்சில்லாமலே நின்றுவிடும். பல பரண்களில் நடப்பது இதுதான். சட்டங்களை அறுத்து அளவு பார்த்தபின், ஆணி அடிப்பதற்கு முன்பே, நான்கு பக்கமும் இரு முனையும் எண்ணெய் ஏற்ற வேண்டும். தச்சர் ஒரு நாளில் வேலையை முடித்துப் போக அவசரப்படுவார். அவரை ஒரு வாரம் கழித்து வரச்சொல்வதே லாபம்.

மரம் எடுக்கும்போது

தேக்கு, கருவேல், வேம்பு ஆகியவற்றின் வைரம் பாய்ந்த பகுதி தானாகவே ஓரளவு தாங்கும். ஆனால் எந்த மரமானாலும் அதன் வெளிறு தாங்காது. இளம் தைலமரத்திலும் சவுக்கிலும் வெளிறே மிகுதி. இதில் ஓர் ஆறுதல் உண்டு. வெளிறு எண்ணெயை நன்றாக உறிஞ்சும், வைரம் உறிஞ்சாது. மலிவான மரம் வாங்குகிறவருக்குத்தான் எண்ணெய்ப் பூச்சின் பலன் அதிகம்.

பனஞ்சட்டத்தில் ஓரத்து வைரம் பல்லாண்டு உழைக்கும், உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதி சீக்கிரம் மக்கும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தமிழக வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. எனவே பழைய வீடு பிரிக்கும் இடத்தில் வாரைகள் கிடைத்தால் வாங்கலாம். பிரித்த மரத்தில் பழைய பெயின்ட் இருந்தால் மட்டும் ஆடு நிற்கும் இடத்துக்கு வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்காகக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் மிகுதியாக இருக்கலாம். ஆடு மரத்தை நக்கும், கடிக்கும். ஈயம் கால்நடைக்குக் கொடிய நஞ்சு.

மூங்கில் பரண் போடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூங்கிலின் வழவழப்பான மேல்தோல் எண்ணெயை உள்ளே விடாது. பிளந்த பக்கமும் வெட்டுமுனையும்தான் உறிஞ்சும். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தின்ன வரும் வண்டு அதை உளுக்கச் செய்துவிடும். இதற்கு 2 பங்கு போரிக் அமிலமும் 3 பங்கு வெண்காரமும் கலந்து, 100 லிட்டர் நீருக்கு அந்தக் கலவை 5 கிலோ வீதம் கரைத்து, பிளந்த மூங்கிலை அதில் சில நாட்கள் ஊறவைத்து, நிழலில் நன்கு உலர்த்திய பின் எண்ணெய் பூசலாம். இந்தக் கரைசல் நீரில் கரைந்து வெளியேறும் தன்மையுடையது. மேலே எண்ணெய் இருந்தால்தான் உள்ளே நிற்கும். கரைசலை ஆடு மாடு குடிக்காதபடி மூடி வைக்க வேண்டும்.

எந்த எண்ணெய்?

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், ஆமணக்கெண்ணெய், வேப்பெண்ணெய் எதைப் பூசினாலும் அது மரத்தில் உலராது. பிசுபிசுப்பாக நின்று தூசியைச் சேர்க்கும், மழையில் சிறிது சிறிதாகப் போய்விடும். வேப்பெண்ணெய் பூச்சிகளை ஓரளவு விலக்கும் என்பது உண்மை. நீரைத் தடுப்பதில் அது பலவீனமானது.

மரத்துக்கு வேண்டியது உலரும் எண்ணெய். ஆளி விதை எண்ணெய் அவ்வகை. கடைகளில் 'லின்சீட் ஆயில்' என்று கேட்டால் கிடைக்கும். இது தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, மரத்தின் துளைகளுக்குள்ளேயே கெட்டிப்படுகிறது. பச்சை எண்ணெய் உலர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். 'டபுள் பாயில்டு' என்று விற்பதில் உலர்த்தி உப்புகள் சேர்ந்திருப்பதால், நல்ல வெயில் காலத்தில் ஏறத்தாழ ஒரு நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும். உலர்த்தியில் ஈயம் இல்லை என்று டின்னில் குறித்திருப்பதையே வாங்க வேண்டும்.

கலப்படம் இருப்பதும் உண்டு. கனிம எண்ணெய் கலந்திருந்தால் எத்தனை நாளானாலும் சரியாக உலராது. வாங்கியதும் ஒரு கண்ணாடித் துண்டில் மெல்லத் தடவி, தூசி படாமல் இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம். நல்ல டபுள் பாயில்டு எண்ணெய் தோல்போல் உலர்ந்திருக்கும். விரலில் எண்ணெயாகவே ஒட்டினால் டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வெறும் எண்ணெய் வெயிலைத் தாங்காது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் மரத்தின் லிக்னின் என்ற பிணைப்புப் பொருளைச் சிதைப்பதால்தான் வெயிலில் கிடக்கும் மரம் சாம்பல் நிறமாகி நார்நாராகப் பிரிகிறது. இதற்கு நிறமி வேண்டும். சிமெண்டுத் தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடு பொடி, அதாவது இரும்பு ஆக்சைடு, போதுமானது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 50 கிராம் வீதம் போட்டு, துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். சாரலும் வெயிலும் படும் ஓரச் சட்டங்களுக்கு இது அவசியம். கூரைக்கு நடுவே உள்ளவற்றுக்கு இல்லாமலும் நடக்கும்.

எனாமல் பெயின்டும் வார்னிஷும் பரண் தளத்துக்கு ஏற்றவை அல்ல. அவை மரத்தின் மேல் ஏடாக நிற்பவை. குளம்பு பட்டு ஓரிடத்தில் ஏடு உரிந்தால், உள்ளே புகுந்த நீர் வெளியே வர வழியின்றி மரத்தை மக்க வைக்கும். ஈரமானால் ஆடு வழுக்கி விழுவதும் உண்டு.

ஆட்டின் வாய் எட்டும் இடம்

பழைய எஞ்சின் ஆயில் இலவசமாகக் கிடைக்கிறது என்று பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உலராது. எஞ்சினில் தேய்ந்த உலோகங்களும் எரிபொருள் கசடும் அதில் கலந்திருக்கும். ஆடு நக்கும் மரத்தில் அதைப் பூசுவது தவறு. மழையில் வடிந்து அடியிலுள்ள எருவையும் கெடுக்கும்.

நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட், ரயில்வே மரக் கட்டைகளைப் பல பத்தாண்டுகள் காத்தது. அதன் சக்தியில் சந்தேகமில்லை. ஆனால் தோலைப் புண்ணாக்கும், புற்றுநோய் உண்டாக்கும் தன்மையும் அதற்கு உண்டு. ஆட்டுக் கொட்டிலுக்குள் அதற்கு இடமில்லை. தாமிரம் கலந்த மரக்காப்பு மருந்துகளிலும் எச்சரிக்கை தேவை. செம்மறியாடு தாமிரத்தைச் சிறிதும் தாங்காது.

முந்திரிக்கொட்டை எண்ணெய் பண்ருட்டிப் பக்கம் உள்ளவர்களுக்கு நன்கு தெரிந்த பொருள். மரப் படகுகளுக்கு அதைப் பூசும் வழக்கம் கடற்கரையில் இருந்தது. கறையானுக்கும் பூஞ்சாணத்துக்கும் எதிராக நன்றாக வேலை செய்யும். ஆனால் பட்ட இடம் கொப்புளமாகும். முந்திரி உடைக்கும் பெண்கள் கையில் ஆமணக்கெண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வது இதனால்தான். பரணைத் தாங்கும் கால்களின் அடிப்பகுதிக்கும், ஆட்டின் வாய் எட்டாத உத்தரத்துக்கும் இதைப் பயன்படுத்தலாம். ரப்பர் கையுறை போட்டுப் பூச வேண்டும். முழுதும் உலரும் வரை ஆடுகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. கால்களை மண்ணில் நேராக நடாமல் கருங்கல் அல்லது சிமெண்டுத் தூணின் மேல் நிறுத்தினால் கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். எண்ணெயை மட்டும் நம்பிக் காலை மண்ணில் புதைப்பது சரியல்ல.

தீவனத் தொட்டியின் விளிம்பை ஆடு இடைவிடாமல் நக்கும். அங்கே உலர்த்தி சேராத பச்சை ஆளி எண்ணெய் மட்டுமே நல்லது. காய நாளாகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பூசும் முறை

பங்குனி, சித்திரை மாதங்கள் ஏற்றவை. அறுத்த பச்சைச் சட்டங்களை இடையில் குச்சி வைத்து நிழலில் அடுக்கி, இரண்டு மூன்று மாதம் உலர்த்த வேண்டும். காய்ந்ததை அறிய எளிய வழி உண்டு. ஒரு சட்டத்தில் அடையாளம் போட்டு, வாரம் ஒரு முறை தராசில் நிறுத்து வர வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. ஈர மரத்தில் எண்ணெய் பூசினால் இறங்காது, உள்ளே இருக்கும் நீரும் வெளியேறாது.

உப்புத்தாள் தேய்த்து, தூசி தட்டி, முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்துகொள்ள வேண்டும். இளகிய கலவை ஆழமாக இறங்கும். வெட்டுமுனைகளை டின்னில் சில நிமிடம் முக்கி எடுப்பது பிரஷ்ஷால் தடவுவதைவிடச் சிறந்தது. உச்சி வெயிலில் பூசக்கூடாது, மேலே மட்டும் காய்ந்துவிடும். பூசி 15 அல்லது 20 நிமிடம் கழித்து, மரம் குடிக்காமல் மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெய் பிசினாகி வழுக்கும். இரண்டு நாள் கழித்து, டர்பன்டைன் மிகக் குறைவாகக் கலந்து இரண்டாம் பூச்சு. ஆணி அடிக்கும்போது புதிதாக அறுத்த இடம் இருந்தால் அங்கும் தடவ வேண்டும். பிறகு பத்து நாளாவது ஆறவிட்டு, வாசனை போன பின் ஆடுகளை ஏற்றலாம்.

அளவில் ஏமாறுகிறவர்கள் பலர். 10 அடிக்கு 10 அடி பரணை 100 சதுர அடி என்று நினைத்து எண்ணெய் வாங்கினால் போதாது. 2 அங்குல அகலம், ஒன்றரை அங்குலப் பருமனுள்ள சட்டங்களை அரை அங்குல இடைவெளியில் அடித்தால் 48 சட்டம் ஆகும். நான்கு பக்கமும் சேர்த்தால் பூச வேண்டிய பரப்பு 280 சதுர அடி. சொரசொரப்பான மரத்தில் ஒரு லிட்டர் கலவை சுமார் 50 சதுர அடிக்கு வரும். முதல் பூச்சுக்கு 6 லிட்டர் கலவை, இரண்டாவதற்கு அதில் பாதி. ஆக 6 லிட்டர் எண்ணெயும் 3 லிட்டருக்குச் சற்று மேல் டர்பன்டைனும் வாங்க வேண்டும். இது எட்டு முதல் பத்து ஆடுகளுக்கான பரண்.

துணியில் இருக்கிறது தீ

ஆளி எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளியாகும். மரத்தில் அது தெரியாது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவியலாக மூலையில் போட்டால், வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய்ச் சில மணி நேரத்தில் தானாகத் தீப்பிடித்துவிடும். நெருப்பு யாரும் வைக்க வேண்டியதில்லை. ஓலைக் கூரையும் வைக்கோல் போரும் உள்ள இடத்தில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் துணிகளைத் தண்ணீர் வாளியில் முக்கி, பிறகு கொட்டிலுக்கு வெகு தூரத்தில் திறந்த வெளியில் ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவிட வேண்டும். விறைப்பாகக் காய்ந்த பின்பே அப்புறப்படுத்தலாம். வேலையாட்களிடம் இதைத் தனியாகச் சொல்லிவைப்பது அவசியம்.

அடுத்த ஆண்டு

ஆண்டுக்கு ஒரு முறை சித்திரையில் தளத்தைக் கழுவிக் காயவிட்டு, பல இடங்களில் சில சொட்டு நீர் விட்டுப் பார்க்க வேண்டும். நீர் முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. சில நிமிடத்தில் மரம் குடித்துவிட்டால் மேல்பக்கம் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். சிறுநீர் அதிகம் படும் இடங்களில் பூச்சு விரைவில் கரையும், அங்கு ஆண்டுதோறும் தேவைப்படலாம். தளத்தின் மேல் சுண்ணாம்பு அடிப்பதையும் சலவைச் சோடா போட்டுத் தேய்ப்பதையும் விட்டுவிட வேண்டும். காரம் எண்ணெய்ப் பூச்சைச் சோப்பாக்கிக் கரைத்துவிடும். சுண்ணாம்பு தூவ வேண்டுமானால் பரணுக்கு அடியில் மண்ணில் தூவலாம்.

மழைக்காலத்தில் பூச்சின் மேல் கரும்புள்ளியாகப் பூசணம் படர்வதுண்டு. ஆளி எண்ணெய் அதற்கு உணவு. கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போகும். ஆணியின் முனையால் சட்டங்களைக் குத்திப் பார்ப்பதையும் அப்போதே செய்துவிடலாம். மெத்தென்று இறங்கும் சட்டத்துக்கு எண்ணெய் பூசிப் பயனில்லை, உடனே மாற்ற வேண்டும். இதற்காக நான்கைந்து சட்டங்களை எண்ணெய் ஏற்றித் தயாராக வைத்திருப்பது நல்லது.

மீந்த எண்ணெயைச் சிறிய டின்னில் விளிம்பு வரை நிரப்பி இறுக மூடி வைக்க வேண்டும். டின்னில் காற்று இருந்தால் எண்ணெய் ஏடு கட்டிவிடும். மண்வெட்டிக் காம்பு, கடப்பாரைப் பிடி அல்லாத மற்றக் கைப்பிடிகள், ஏணி, பாத்தி வரப்புப் பலகை ஆகியவற்றுக்கு அதைத் தடவலாம்.