மின்புலத்தில் பிரியும் விந்தணுக்கள்

"டொக்டர், விந்தணுவைக் கரண்டில பிரிச்சு ஆம்பிளைப் பிள்ளை எடுக்கலாமாம், உண்மையோ?"

திராமனில் இக்கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் ஒருவர் இருவரல்லர். இதில் இரு வேறு விடயங்கள் ஒன்றாகக் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

விந்தணுவின் மேற்பரப்பில் மறை மின்னேற்றம் உண்டு. அங்குள்ள சியாலிக் அமிலம் என்னும் பொருளே இதற்கு முக்கிய காரணம். நன்கு முதிர்ந்த விந்தணுவில் இவ்வேற்றம் கூடுதலாக இருக்கும். ஆகவே மின்புலம் ஒன்றினுள் வைத்தால் அது நேர் மின்வாயை நோக்கி நகரும். அவுஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் எயிற்கனின் குழு இதையே பயன்படுத்தி ஒரு கருவியை அமைத்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டது. விந்துக்கும் நேர் மின்வாய்க்கும் இடையில் 5 மைக்கிரோமீற்றர் துளைகள் கொண்ட மென்சவ்வு இருக்கும். ஒல்லியான விந்தணு அதனூடாகப் போய்விடும். பருத்த வெண்குருதிக் கலங்களும் முதிராத கலங்களும் நின்றுவிடும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

ஏன் இந்தப் பாடு? வழக்கமான முறையில் விந்தை அடர்த்தி வேறுபட்ட திரவங்களின் மேல் ஊற்றி வேகமாகச் சுழற்றுவார்கள். அப்போது வெண்குருதிக் கலங்கள் வெளிவிடும் தீவிர ஒட்சிசன் பொருட்கள் விந்தணுவின் டி.என்.ஏயைச் சிதைக்கக்கூடும். டி.என்.ஏ பெரிதும் சிதைந்த விந்தணுக்களைக் கொண்ட ஒருவருக்கு, இப்புதிய முறையில் பிரித்தெடுத்த விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தி ஆரோக்கியமான குழந்தை பிறந்ததாக 2007இல் அறிவித்தார்கள். எனினும் 2008இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வில் பழைய முறைக்கு நிகரான பெறுபேறே கிடைத்தது. விரைவானது, மென்மையானது, ஆனால் மந்திரம் அல்ல.

இதற்கும் ஆண், பெண் தெரிவுக்கும் சம்பந்தமில்லை. 1933இலேயே இரசிய விஞ்ஞானிகளான கோல்ற்சோவும் ஷ்ரோடரும் முயல் விந்தை மின்னோட்டத்தால் பால்வாரியாகப் பிரித்ததாக எழுதினார்கள். பின்வந்தவர்களால் அதை உறுதிப்படுத்த முடியவில்லை. இன்று மாடுகளில் செய்யப்படுவது வேறொரு வழி. எக்ஸ் நிறமூர்த்தம் கொண்ட விந்தணுவில் டி.என்.ஏ சற்றுக் கூட. மனிதரில் ஏறத்தாழ 2.8 வீதம், மாட்டில் 4 வீதமளவில். ஒளிரும் சாயமிட்டு லேசர் ஒளியில் அதை அளந்து, விந்தணு உள்ள நுண்துளிக்கு நேர் அல்லது மறை ஏற்றம் கொடுத்து, மின்தகடுகளுக்கு இடையில் விழவிட்டால் துளிகள் இருபக்கமும் பிரியும். ஹாமாரிலுள்ள கேனோ நிறுவனம் இப்படித் தெரிந்தெடுத்த விந்தை விவசாயிகளுக்கு விற்கிறது. அவர்களுக்குப் பால் தரும் பசுக்கன்று வேண்டும்; எங்களவர் சிலருக்கு எதிர்ப்பக்கம் வேண்டியிருக்கிறது!

மனிதருக்கோ, நோர்வேயின் 2003ஆம் ஆண்டு உயிர்த்தொழில்நுட்பச் சட்டப்படி, தாய் பாரதூரமான பால்சார் பரம்பரை நோயைக் காவுபவராக இருந்தால் மட்டுமே பிள்ளையின் பாலைத் தெரிவதற்காக விந்தைப் பிரிக்கலாம். இந்தியாவிலும் கருத்தரிப்புக்கு முன்னரான பால் தெரிவு 2003 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. "அங்கே போய்ச் செய்துகொண்டு வரலாம்" என்று யாராவது சொன்னால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. பிள்ளை இல்லையென்று என் அறைக்கு வருபவர் பெரும்பாலும் மனைவி, அதுவும் தனியாக. குருதிப் பரிசோதனை, ஸ்கான் எல்லாம் முடிந்திருக்கும். கணவர் ஒரு தடவைகூட விந்துப் பரிசோதனை செய்திருக்கமாட்டார். "அவருக்கு ஒரு குறையும் இல்லை" என்று மாமியார் சொல்லியிருப்பார். பிள்ளைப்பேறு தாமதிக்கும் தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரில் ஆண்பக்கக் காரணமும் இருக்கிறது. உடலுறவில் குறையில்லாதவருக்கும் விந்தணு குறைவாக இருக்கலாம். உடற்பயிற்சிக்கூடத்தில் தசை வளர்க்க ஏற்றும் ரெஸ்ரொஸ்ரெரோன் ஊசி விந்தணு உற்பத்தியை முற்றாக நிறுத்திவிடவும் கூடும். இளைஞர்கள் இதைக் கவனிக்கவும்.

ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால், மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே, இருவருமாகக் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாட்கள் விந்து வெளியேறாது இருக்கவேண்டும். வீட்டில் எடுப்பதாயின் பனிக்காலத்தில் போத்தலைக் கைப்பையில் வைக்காமல் சட்டைக்குள் உடம்போடு அணைத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுங்கள். மில்லிலீற்றருக்கு 16 மில்லியன் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழெல்லை. அதற்குக் குறைந்தால் பயப்படவேண்டாம். விந்தணு உருவாக இரண்டரை மாதமளவு எடுப்பதால், காய்ச்சல் ஏதும் வந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்போம்.