பணத்தோடு ஓர் ஆளையும் அனுப்பினார்கள்

வேத பகுதி: பிலிப்பியர் 2:25-30, 4:10-18



பவுல் அப்போஸ்தலன் காவலில் இருந்தபோது பிலிப்பி சபையார் அவருக்கு உதவி அனுப்பினார்கள் என்பதை அறிவோம். அதைக் கொண்டுபோனவர் எப்பாப்பிரோதீத்து. அந்தக் காவல் ரோமாபுரியில் என்றே வேத பண்டிதர் பலர் கொள்கிறார்கள். அப்படியானால் அது தரையும் கடலுமாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணம். அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு மறுநாளே திரும்பிவிடவில்லை. கூடவே தங்கி அப்போஸ்தலனுடைய குறைவுகளைக் கவனித்தார்; அதில் தாமும் வியாதிப்பட்டு மரணத்தருவாய்க்கு வந்தார்.

அக்காலத்துக் கைதிக்குச் சாப்பாடும் துணியும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. நம் நாட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர் நிலைமையும் ஏறக்குறைய அதுவே. மருந்தை நர்ஸ் கொடுப்பார். ஆனால் கஞ்சி வாங்கிவர, பில் கட்ட, ஸ்கேன் அறைவரை கூடப் போக, ராத்திரி விழித்திருக்க ஓர் ஆள் வேண்டும்.

இந்த மனிதருக்குப் பவுல் கொடுக்கும் பெயரைக் கவனியுங்கள். 25ஆம் வசனத்தின் கிரேக்க மூலத்தில் ‘லெய்ட்டூர்கோஸ்’ என்ற சொல் இருக்கிறது. ரோமர் 15:16இல் பவுல் தம்முடைய சுவிசேஷ ஊழியத்தைக் குறிக்க இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். எபிரெயர் 8:2இல் அது நம் ஆண்டவருக்கே வழங்கப்படுகிறது. சாப்பாடு கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் அதே சொல்! நம் சபைகளிலோ பிரசங்க பீடத்தில் நிற்பவரைத்தான் ஊழியக்காரர் என்கிறோம். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவருகிற அம்மாவுக்கு அந்தப் பெயர் கிடைப்பதில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் வார்டுக்கு வருகிறார்கள், மனதார ஜெபிக்கிறார்கள். அதைக் குறைசொல்ல மாட்டேன். என் வேலையும் அதுதானே. புறப்படும்போது, “ஏதாவது தேவைன்னா சொல்லுங்கம்மா” என்கிறார்கள். நோயாளியின் மனைவி, “ஒண்ணும் வேண்டாங்கய்யா, ஜெபிச்சாப் போதும்” என்கிறார். அவர் தரையில் பாயை விரித்து, நாலு ராத்திரியாய்ச் சரியாகத் தூங்காதவர். வீட்டில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. கேட்பதற்கு நம் ஜனங்களுக்குக் கூச்சம் அதிகம். ஆகவே கேட்டுவிட்டுப் போகாதீர்கள். “இன்னிக்கு ராத்திரி நான் இருக்கேன் அக்கா. நீங்க வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பாத்துட்டுக் காலையில வாங்க” என்று சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். அப்படி வந்த ஒரு சகோதரியை அண்மையில் எங்கள் பெண்கள் வார்டில் பார்த்தேன். அவர் நீண்ட ஜெபம் ஒன்றும் செய்யவில்லை. நோயாளிக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார்.

பழக்கூடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இளநீரும் வாழைப்பழமும் ஆரஞ்சும் ஆபத்தாகலாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் கூடினால் இருதயத் துடிப்பே நின்றுபோகக்கூடும். அன்பாய்க் கொண்டுவந்ததை வேண்டாமென்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. எதைக் கொடுக்கலாம் என்று வார்டு சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவர்கள் வாரத்துக்கு 2 அல்லது 3 தடவை வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் மெஷினில் ஏறக்குறைய 4 மணி நேரம். ஓய்வுபெற்ற நாலுபேர் கிழமையைப் பங்கிட்டுக்கொண்டு ஒரு சகோதரரைக் கூட்டிவந்தால், அவர் மகன் தன் வேலையை விடவேண்டியிராது.

வாலிபர் ஐக்கியத்தார் கிறிஸ்துமஸ் சமயத்தில் 50 பேராகச் சேர்ந்து ரத்ததானம் செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் தட்டணுக்களை 5 நாளுக்கு மேல் வைத்திருப்பது கடினம். ஒரே நாளில் எல்லாரும் கொடுப்பதைவிட, யாருக்கு எந்த குரூப் என்று சபையில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அழைக்கும்போது வருவது அதிக உபயோகம். 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்கிற சுகமுள்ளவர் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை.

விசுவாசிகளுக்கு மட்டுமா என்று சிலர் கேட்பீர்கள். கலாத்தியர் 6:10 எல்லாருக்கும் நன்மை செய்யச் சொன்ன பிறகுதான் விசுவாசக் குடும்பத்தாரை விசேஷமாய் எடுத்துச் சொல்கிறது. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ஆறு வாரமாய் ஏன் வரவில்லை என்று தெரியாத நாம், தூரத்தில் இருப்பவர்மேல் அன்புகூருவதாகச் சொல்வது எனக்கு விளங்கவில்லை.

வீடு திரும்பியபின்தான் பெரும்பாலோர் மறக்கப்படுகிறார்கள். சாதாரணக் காசநோய்க்கும் 6 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறும். அப்போதே நிறுத்திவிடுகிறவர் உண்டு. வியாதி திரும்பும்; மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். சபையில் தெரிந்தால் ஒதுக்குவார்களோ என்று பயந்து மாத்திரையை மறைத்துவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தினமும் மாலையில் எட்டிப்பார்த்து, ஊரெல்லாம் சொல்லாமல், “இன்னிக்குப் போட்டாச்சா தம்பி?” என்று கேட்க ஒரே ஓர் ஆள் போதும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மறுபடி வரவேண்டிய தேதி எழுதியிருக்கும். உங்கள் சபையில் யாராவது இந்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தால், அவர் அனுமதித்தால், அந்தத் தேதியை உங்கள் வீட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலம் போய், பஸ்ஸுக்கு எத்தனை மணிக்குப் புறப்படலாம் என்று கேளுங்கள்.