சிமென்ட் கலக்கும் முன் ஒரு கேள்வி

குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் என்று ஜி.எஸ்.டி. சாலையோர மருத்துவமனைகளில் ஓ.டி. டெக்னீஷியனாகச் சேரும் தம்பி, தங்கைகளே! எலும்பு சிமென்ட் பாக்கெட்டைப் பிரிக்கும் முன் சர்ஜனிடம் கேளுங்கள்: "சார், இது இம்ப்ளான்ட் ஒட்டவா, ஸ்பேசருக்கா?" புதியவர்கள் தயங்குவார்கள். தயங்கவே கூடாத கேள்வி இது.

காரணம் இதுதான். சிமென்ட்டில் ஆன்டிபயாடிக் கலக்கும் முறையை ஹாம்பர்க் மருத்துவர்கள் புக்ஹோல்ஸும் எங்கல்பிரெக்டும் 1970-இல் வெளியிட்டார்கள். அன்று முதல் இன்று வரை தீராத சிக்கல் ஒன்றே: சிமென்ட் இறுகிவிட்டால் உள்ளே மாட்டிய மருந்தில் பெரும்பகுதி வெளியே வருவதே இல்லை. மேற்பரப்பில் இருப்பதும், நுண்துளை வழியாக உடல்நீர் எட்டுகிற இடத்தில் இருப்பதும்தான் கரையும். முதல் ஓரிரு நாள் வேகமாக வரும். பிறகு மிகக் குறைவாகவே கசியும். துளை கூடினால் மருந்து கூடுதலாக வரும், பலம் குறையும்.

இம்ப்ளான்ட் ஒட்டுவதென்றால் பலம்தான் முக்கியம். வேக்குவம் மிக்ஸர், கம்பெனியிலேயே ஜென்டாமைசின் கலந்த சிமென்ட். கூடுதல் மருந்து சேர்த்தாலும் 40 கிராம் பவுடருக்கு ஓரிரு கிராமைத் தாண்டுவதில்லை. கிருமி பிடித்த மூட்டைக் கழற்றிவிட்டுத் தற்காலிகமாக வைக்கும் ஸ்பேசருக்குக் கணக்கு வேறு. வான்கோமைசின் போன்றவை பல கிராம் சேரும். பல சர்ஜன்கள் கிண்ணத்தில் கையால் கலக்கச் சொல்வார்கள். காற்றுத் துளைகள் அங்கே உதவி. இரண்டு மருந்தைச் சேர்ப்பதும் பலன் தரும்: ஒன்று கரைந்து விட்டுச்செல்லும் வழியில் மற்றதும் வெளியேறும்.

எதுவானாலும் பவுடர் மருந்துதான். ஊசிக்கான திரவ மருந்தை ஊற்றினால் சிமென்ட் பலமிழக்கும். இறுகும்போது சூடேறும் என்பதால் சூடு தாங்கும் மருந்தே செல்லும்.

நம்ம ஊர் வெயிலுக்கென்று ஒன்று: ஸ்டோர் ரூமில் சூடேறிய பாக்கெட் சீக்கிரம் இறுகிவிடும். முந்தைய நாளே ஏ.சி. தியேட்டருக்குள் கொண்டுவந்து வையுங்கள். பவுடரோடு கலக்கும் சிமென்ட் லிக்விடின் ஆவி கண்ணைக் கரிக்கும். முகத்தைக் கிண்ணத்தருகே கொண்டுபோகாதீர்கள்.

முடிந்ததும் லாட் எண்ணோடு, எந்த மருந்து, எத்தனை கிராம் என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அளவு கூடிய ஸ்பேசர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வார்டில் கிரியேட்டினின் பார்ப்பவருக்கு அந்த மருந்தளவு வேண்டும்.